நெருப்புப்பெட்டியில் வந்த பிள்ளைப்பூச்சி

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். 1989-90ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் கடைசி வரை படித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது.

தஞ்சாவூருக்கு வெளியே மகன் கட்டிய வீட்டில்தான் இப்போது இருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வாசலில் இருபதடிக்குப் பதினைந்தடி இடம். நானாக இருந்தால் நாலு கத்தரி, நாலு வெண்டை, ஓரமாக ஒரு முருங்கை வைத்திருப்பேன். மகன் நர்சரியில் சொல்லிக் கொரியன் புல் போட்டுவிட்டான். செம்மண் கொட்டி, எரு போட்டு, பாய் விரித்தது போலப் புல்லை ஒட்டிவிட்டுப் போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேத்தி வெறுங்காலோடு அதில்தான் நாள் முழுக்கக் கிடப்பாள்.

ஐப்பசி மழை ஆரம்பித்த பத்தாவது நாளில் புல்தரை கெட்டுப்போனது. அங்கங்கே துளைகள், குட்டிக் குட்டி மண் குவியல்கள். ஒரு மூலையில் புல்லுக்கு அடியில் யாரோ விரலை விட்டு நகர்த்தியது போல மண் மேடுமேடாக எழும்பி இருந்தது. மகன் போட்டோ எடுத்துத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "பூச்சிதான் சார், குளோர்பைரிபாஸ் ஊத்திடுவோம்."

என்ன பூச்சி என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. காய்ச்சல் என்றதும் என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி. அதுவும் குழந்தை வெறுங்காலோடு நடக்கிற இடத்தில். "மூணு நாள் குடு, என்னன்னு பாத்துச் சொல்றேன்" என்றேன். "அம்மா, இது என்ன உங்க அஞ்சாங்கிளாஸா?" என்று சிரித்தான். ஆனாலும் கொடுத்தான்.

பேத்தியும் நானும் வேலையில் இறங்கினோம். ஐஸ்கிரீம் குச்சிகளில் எண் எழுதி ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் நட்டோம். மொத்தம் 17 வந்தது. தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எங்கள் 'விசாரணை'யைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பாதிக்கு மேல் எறும்பு. நடுவில் சின்னத் துளை, அதைச் சுற்றிச் சலித்து எடுத்த மாதிரி நொய் மண். சர்க்கரை நாலு துணுக்கு போட்டால் வீட்டுக்காரர் தானே வெளியே வந்துவிடுவார். இன்னும் சில இடங்களில் துளையே கண்ணுக்குத் தெரியவில்லை. இடியாப்பம் பிழிந்த மாதிரி, சுருள் சுருளாக மண் உருண்டைதான் இருந்தது. அது மண்புழு எச்சம். மண்புழு பூச்சியே இல்லை என்பது என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். (நினைவில்லாதவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கலாம்.) அந்த எச்சம் இருந்தால் மண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்து மருந்து ஊற்றுவது பாவம்.

11ஆம் எண் குச்சியில் ஒரு குளவி. பென்சில் கனத்தில் துளை, தோண்டிய மண் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தது. பத்து மணி வெயிலில் பச்சைப் புழு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. தன்னைவிட நீளமான புழு. உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சிறு கற்களைப் பொறுக்கிவந்து வாயை மூடியது. பேத்தி கண் இமைக்காமல் பார்த்தாள். குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அது உண்மையில்லை. கொட்டினால் புழு சாகாது, அசையாமல் கிடக்கும். குளவி அதன்மேல் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. இந்த மாதிரித் தனியாக வாழும் குளவி, நாம் கையில் பிடித்து அமுக்கினாலொழிய நம் வம்புக்கு வராது. அதையும் விட்டுவிட்டோம்.

கார் நிறுத்தும் இடத்தில், மழை படாத மணலில் புனல் போலக் குழிகள் இருந்தன. அது குழியானை. எறும்பு சரிந்து விழட்டும் என்று அடியில் காத்திருக்கும். அதன் வேலை காய்ந்த மணலில்தான், புல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதைப் பேத்திக்குக் காட்டாமல் எப்படி இருக்க முடியும்? உள்ளங்கையில் எடுத்து விட்டேன். பின்பக்கமாகவே நடந்தது. "அப்பாயி, ரிவர்ஸ் கியர்!" என்றாள்.

என் முதல் சந்தேகம் வேர்ப்புழு மேல்தான். கடலைக்காட்டில் பார்த்திருப்பீர்கள், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். கோடை மழை பெய்ததும் சாயங்காலம் வேப்பமரத்தில் வந்து மொய்க்கும் பழுப்பு வண்டின் புழு அது. அது இருந்தால் புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். வேரைத் தின்றுவிடுவதால், பிடித்து இழுத்தால் பாய் மாதிரி உரிந்து வரும். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரு சதுர அடி வெட்டி மூன்று அங்குல ஆழத்துக்குப் பார்த்ததில் ஒரே ஒரு புழுதான் இருந்தது. ஒன்றிரண்டைப் புல் தாங்கிக்கொள்ளும். ஆக, என் முதல் ஊகம் தப்பு.

மிச்சம் இருந்தது அந்த மூலை மேடுதான். மிதித்தால் மெத்தென்று அமுங்கியது. இரண்டு நாளாகக் காலையில் ஒரு கொண்டலாத்தி வந்து அந்த இடத்தையே குத்திக் குத்திப் பார்த்ததும் எனக்குத் துப்பாக இருந்தது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டி, நாலு லிட்டர் தண்ணீரில் கலந்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். மூன்று நிமிடம் ஆகியிருக்காது, மண்ணைப் பிளந்துகொண்டு ஒருவர் வெளியே வந்தார். பின்னாலேயே இன்னொருவர்.

பிள்ளைப்பூச்சி!

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஏறக்குறைய மூன்று செ.மீ. நீளம், பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி போல அகலமாக, பல் பல்லாக இருக்கும். கைக்குள் வைத்து மூடினால் அந்தக் கால்களால் நம் விரல்களைப் பிரித்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பலத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பிள்ளைப்பூச்சியை மடியில் கட்டிக்கொண்ட கதை என்று ஏன் சொன்னார்கள் என்பது ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தால் புரிந்துவிடும். கொட்டாது, விஷமில்லை. ஈரமண்ணுக்குள் சுரங்கம் போட்டு வேரையும் தின்னும், புழு பூச்சியையும் தின்னும். தாய்ப்பூச்சி மண்ணுக்குள் அறை கட்டி முட்டையிட்டு, பக்கத்திலேயே காவல் இருக்கும்.

விசாரணை முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம்தான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் அது 'ர்ர்ர்ர்' என்று விடாமல் இரையும். ஈரத்தில் அப்படித்தான் சத்தம் போடும் என்று நாங்களே முடிவுகட்டி வைத்திருந்தோம். அன்று ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. தெருவே இருட்டு. ஃபேன் நின்றது, பக்கத்து வீட்டு டி.வி. நின்றது. டிரான்ஸ்பார்மர் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது!

டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். இரண்டடி வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. அசையாமல் நின்றேன். மறுபடி ஆரம்பித்தது. இப்படி நின்று நின்று போய்ச் சேர கால்மணி நேரம் ஆகியிருக்கும். சத்தம் அந்த மூலையிலிருந்துதான் வந்தது. சோப்புத் தண்ணீர் படாத பக்கத்தில், புல்லுக்கு நடுவே இரண்டு துளைகள் அருகருகே இருந்தன. வாய்ப்பக்கம் விரிந்து, உள்ளே குறுகி, பூசி மெழுகியது போல வழவழவென்று இருந்தன. மண்டியிட்டுக் காதை வைத்தேன். தரைக்குள்ளிருந்து பாட்டு. அதற்குள் மகன் ஓடிவந்து, "அம்மா, விழுந்துட்டீங்களா?" என்று பதறினான். "உஷ்" என்றேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு 1989 ஞாபகம் வந்தது.

மன்னார்குடிப் பக்கம் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்த காலம். இதே ஐப்பசி மாதம். ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் நெருப்புப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். திறந்தேன், பிள்ளைப்பூச்சி. "டீச்சர், இது ராத்திரில பாடும் டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம், நானும் சிரித்தேன்.

"மண்ணுக்குள்ள இருக்கிற பூச்சி எப்படிடா பாடும்? பாடுறது சில்வண்டு. மண்ணுக்குள்ளேர்ந்து பாடினா யாருக்குக் கேக்கும்?"

"இல்ல டீச்சர், வாய்க்கா ஓரத்துல காத வச்சுக் கேட்டுத்தான் புடிச்சேன்."

எதற்குப் பிடித்தாய் என்று கேட்டேன். அந்த ஊரில் ஒரு பாட்டி, பிள்ளையில்லாத பெண்களுக்கு வாழைப்பழத்துக்குள் இந்தப் பூச்சியை வைத்து விழுங்கக் கொடுப்பார். பூச்சிக்கு நாலணா என்று இவனுக்குக் கூலி. இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் மூடநம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பேசினேன். இனிமேல் பூச்சியைப் பள்ளிக்குக் கொண்டுவர மாட்டேன் என்று அவனை ஐம்பது முறை எழுதவும் வைத்தேன்.

வாழைப்பழ விஷயத்தில் நான் அன்று சொன்னது சரிதான், இன்றும் அதையே சொல்வேன். ஒரு பெண்ணின் மனவேதனையைப் பூச்சியை விழுங்க வைத்துத் தீர்க்க முடியாது. ஆனால் பாட்டு விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. காதால் கேட்டு, இடம் கண்டுபிடித்து, கையால் பிடித்து, சான்றோடு என் மேசையில் வைத்தான். நானோ பார்க்காமலே, கேட்காமலே தீர்ப்புச் சொன்னேன். அறிவியல் பாடத்தில் உற்றுநோக்கல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதும் இதே நான்தான்.

இப்போது தேடிப் படித்தேன். பாடுவது ஆண்பூச்சி. சிறகுகளை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் எழுப்புகிறது. வளையின் வாயைக் கூம்பாகக் குடைந்து வைத்திருப்பது அந்தச் சத்தத்தைப் பெருக்கத்தான், நம்மூர்க் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி. பென்னட்-கிளார்க் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1970ல் இதை அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார். பிரான்ஸ் நாட்டில் இருக்கும் ஒரு வகைப் பிள்ளைப்பூச்சியின் பாட்டு 600 மீட்டர் தூரத்துக்குக் கேட்குமாம். நான் வகுப்பில் 'யாருக்குக் கேக்கும்?' என்று கேட்டதற்கு 19 வருடம் முன்னாலேயே பதில் அச்சாகியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை என்பது தப்பில்லை. ஆசிரியர் பயிற்சியில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை, எங்கள் ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகங்களும் இல்லை. ஆனால் அவனோடு ஒருநாள் சாயங்காலம் வாய்க்கால் கரைக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். பள்ளியிலிருந்து இருநூறு தப்படி. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் எதையும் கொண்டுவந்து காட்டவில்லை. அவனாகக் கை தூக்கியதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது அதை நான் கவனிக்கவே இல்லை. போன வாரம் மண்டியிட்டுக் கிடந்தபோதுதான் உறைத்தது.

புல்தரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருந்து ஊற்றவில்லை. மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொன்னேன். மழைக்காலத்தில் அதற்கு மேல் தண்ணீர் எதற்கு? ஈரம் அதிகமானால்தான் அதற்குக் கொண்டாட்டம். வெளிச்சத்துக்குப் பறந்து வரும் என்பதால் இரவில் வாசல் விளக்கையும் அணைத்துவிடுகிறோம். சோப்புத் தண்ணீரில் வந்த நாலைந்தைப் பிடித்துத் தெருக்கோடித் தரிசில் விட்டாயிற்று. மேடுகளைப் பேத்தி மிதித்து மிதித்துச் சமப்படுத்திவிட்டாள், அவளுக்கு அது விளையாட்டு. அந்த இரட்டைத் துளைப் பாட்டுக்காரனை மட்டும் தொடவில்லை. மகன் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவனே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நெருப்புப்பெட்டி என்றாலே அவனுக்குத் தெரியும், அந்த வகுப்பில் படித்த உங்களில் சிலருக்கும் தெரியும். இப்போது நாற்பத்தைந்தை ஒட்டிய வயதிருக்கும். வெளிநாட்டில் இருப்பதாக ஒருவர் சொன்னார், இல்லை, ஊரிலேயே விவசாயம் பார்ப்பதாக இன்னொருவர் சொன்னார். தொடர்பில் இருப்பவர்கள் இந்தப் பதிவை அவனிடம் காட்டுங்கள். பூச்சி பாடுகிறது, டீச்சர் கேட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அன்று எழுத வைத்த ஐம்பது வரிக்காக டீச்சர் மன்னிப்புக் கேட்டதையும் சொல்லுங்கள். கார்த்திகை முடிவதற்குள் வந்தால் ஆறரை மணிக்கு இங்கேயே கேட்கலாம். டீ போட்டு வைக்கிறேன்.