படகு ஓடாத நாளில் கன்னியாகுமரி

குற்றாலத்தில் சாரல் களைகட்டும் ஜூலை மாதத்தில் யாராவது கன்னியாகுமரிக்குப் போவார்களா? திருநெல்வேலியைச் சேர்ந்த நான்கு தோழிகள் போனார்கள். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை.

நால்வரும் பிளஸ் டூவில் ஒரே பெஞ்ச். இப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒருவர் தனியார் பள்ளி டீச்சர், ஒருவர் நர்ஸ், ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், இன்னொருவர் ஜெராக்ஸ் கடை. பெயர் வேண்டாம் என்பது நால்வரின் நிபந்தனை. காரணம், இதில் ஒரு கடன் விவகாரம் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்காக நர்ஸிடம் 40,000 ரூபாய் வாங்கினார் தையல்காரத் தோழி. நர்ஸ் தன் செயினை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னவர், 15,000 தந்தார். பிறகு போனை எடுப்பது குறைந்தது. அப்புறம் நின்றேபோனது. நால்வரின் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

டீச்சர்தான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். "குத்தாலம் போவோம்ட்டி" என்றார் ஜெராக்ஸ் தோழி. "அங்க சீசன், நிக்க இடம் இருக்காது. குமரில இப்ப கூட்டமே கிடையாது, உக்காந்து பேசலாம்" என்று முடித்துவிட்டார் டீச்சர்.

பஸ்ஸில் ஏறியதும் நர்ஸ் தனக்கு மட்டும் சில்லறை எண்ணிக் கொடுத்து டிக்கெட் வாங்கினார். தையல்காரர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். வள்ளியூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள் பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் தென்மேற்குப் பருவக்காற்றின் வேலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையாகி குற்றாலத்தில் அருவியைக் கொட்டவைப்பதும் அதே காற்று, குமரியில் கடலைக் கொந்தளிக்க வைத்துப் படகை நிறுத்துவதும் அதே காற்று.

அன்றும் நிறுத்தித்தான் இருந்தார்கள். படகுத்துறை கேட்டில் பூட்டு.

ஜெராக்ஸ் தோழிக்குத்தான் பெரிய ஏமாற்றம். கண்ணாடிப் பாலத்தில் நின்று எடுத்த போட்டோ வேண்டும் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, 2024 டிசம்பர் 30-ல் திறந்த பாலம் அது. கரையிலிருந்தே போனை ஜூம் பண்ணி எடுத்தார். பாலம் ஒரு கோடாக விழுந்தது. காந்தி மண்டபத்தைப் பத்து நிமிடத்தில் சுற்றியாகிவிட்டது. பகவதி அம்மன் கோயிலுக்குப் போனால், மதியத்துக்கு நடை சாத்திவிட்டார்கள்.

இனி பார்க்க எதுவும் இல்லை. சீசனில் வந்திருந்தால் படகு டிக்கெட் வரிசையிலேயே பாதி நாள் போயிருக்கும். யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியிருந்திருக்காது.

மணல் கண்ணில் அடிக்க, ஒரு சங்குக் கடைக்குள் ஒதுங்கினார்கள். பேர் எழுதித் தரும் சங்கு, சிப்பி மாலை, கலர் மணல் பாக்கெட் என்று வழக்கமான கடை. உள்ளே இருந்த அக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"வியாபாரம் எப்படிக்கா?"

"பாத்தா தெரியலியா? காலைல இருந்து நீங்கதான் உள்ள வந்தது. அதுவும் காத்துக்கு ஒதுங்கி."

கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிகள் வரத் தொடங்கினால்தான் அவருக்கு வருமானம். தை வரைக்கும் ஓடும் அந்த இரண்டு மாத வியாபாரம்தான் வருடம் முழுக்கச் சோறு போடுகிறது. அதுவரை சரக்கெல்லாம் கடன். "சரக்கு தாற அண்ணாச்சிகிட்ட நானே போய் நின்னு சொல்லிருவேன். இப்ப கைல ஒண்ணும் இல்ல, மார்கழில தந்துருதேன்னு. கொஞ்சம் ஏசுவாரு. ஏசட்டும். போனை எடுக்காம ஒளிஞ்சா அடுத்த சரக்கை யாரு தருவா?"

அவருக்கு யார் கதையும் தெரியாது. டீச்சர் ஒரு சிப்பி மாலையை எடுத்து எடுத்து வைத்தார். பேரமே பேசாமல் இரண்டு வாங்கினார்.

வெளியே வந்து, கடற்கரைச் சுவரோரம் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபோது தையல்காரர் வாயைத் திறந்தார். அவர் நம்பியிருந்த ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் கைவிட்டுப் போனது. ஓவர்லாக் மெஷின் பாதி நாள் சும்மா கிடக்கிறது. "உன் பேரு போன்ல வந்தாலே கை நடுங்கும்ட்டி. என்னத்தச் சொல்ல, எப்பத் தாரேன்னு சொல்ல?"

நர்ஸ் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மாவ ஐசியூல வச்சிருந்த அன்னைக்கு ராத்திரி உனக்குத்தான் மொதல்ல அடிச்சேன். மூணு தடவ. பணத்துக்கு இல்ல."

அதன் பிறகு வெகுநேரம் காற்றுச் சத்தம்தான். அம்மாவின் காரியத்துக்கு தையல்காரர் வந்திருந்தார். கடைசி வரிசையில் நின்றுவிட்டு, சாப்பிடாமல் போயிருந்தார். அந்த மூன்று மிஸ்டு காலையும் பணம் கேட்டு வந்தவை என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அழுதார். டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நர்ஸ் ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. இரண்டு வருடக் கோபம் ஒரு மத்தியானத்தில் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்.

சூரிய அஸ்தமனத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார்கள். சுக்கு காபிக்காரர் சிரித்தார். "இப்பல்லாம் கடல்ல விழாதும்மா. ஐப்பசிக்கு மேல வாங்க." ஜூலையில் சூரியன் வடமேற்காக நகர்ந்திருக்கும். கடலுக்குள் இறங்காமல் கரைப்பக்கம்தான் மறையும். ஐப்பசி முதல் மாசி வரைதான் ஊருக்குள் நின்று கடலில் அஸ்தமனம் பார்க்கலாம். அன்று மேகம் வேறு. வானம் சாம்பல் நிறமாகி, அப்படியே இருட்டியது.

திரும்பும் பஸ்ஸில் நர்ஸும் தையல்காரரும் அடுத்தடுத்த சீட். காவல்கிணறு தாண்டும்போது நர்ஸின் போன் சிணுங்கியது. ஜிபேயில் 1,000 ரூபாய். பக்கத்து சீட்டில் இருந்தவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் போனைப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏட்டி, ரெண்டு ப்ளவுஸ் துணி கிடக்கு. தைக்கணும். போன தடவ மாதிரி கழுத்தப் பெருசா வெட்டிராத."

"கூலி வேண்டாம்ட்டி, அதுல கழிச்சுக்க..."

"கூலி நான் தருவேன். அது வேற, இது வேற."

பின் சீட்டில் டீச்சர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.