டிரையன் கவுன்டியைத் தேடி

ஜாக்சன் ஹைட்ஸில் 7ஆம் எண் ரயில் ஏறினேன். அப்போது கட்டணம் 2 டாலர் 90 சென்ட். அரை மணிக்குள் ஐந்தாவது அவென்யூ. படியேறி வெளியே வந்தால் நியூயார்க் பொது நூலகம், வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள். உள்ளே போகக் காசு இல்லை. வரைபடப் பிரிவு 117ஆம் எண் அறையில்.

சுதந்திரம் வந்ததும் ஆங்கிலேயர் வைத்த பெயர்களை எல்லாம் அமெரிக்கர்கள் துடைத்துவிட்டார்கள் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். நான் ரயிலேறிய இடமே குயின்ஸ் கவுன்டி. பிறகு எப்படி நம்புவது?

முதலில் க்ளாட் ஜோசப் சோத்தியேவின் நியூயார்க் மாகாண வரைபடத்தைக் கேட்டேன். 1779இல் லண்டனில் அச்சானது. தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் உயரம். ஹட்சன் ஆற்றோரம் ரென்சலர், லிவிங்ஸ்டன் குடும்பங்களின் நிலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. மேற்கே நகர்ந்தால் டிரையன் கவுன்டி. 1772இல் ஆல்பனியை மூன்றாகப் பிரித்தபோது பிறந்தது, ஆளுநர் வில்லியம் டிரையன் பெயரில். இந்த வரைபடத்தைத் தயாரிக்கச் சொன்னவரும் அவரேதான். கிழக்கே கம்பர்லாந்து, க்ளாஸ்டர். அந்தப் பகுதியினர் 1777லேயே வெர்மான்ட் என்று தனியே போய்விட்டார்கள். லண்டன் தாள் அவர்களை விடுவதாக இல்லை.

அடுத்து, மாநிலத் தலைமை நில அளவையாளர் சிமியன் டிவிட்டின் 1802ஆம் வருஷ வரைபடம். டிரையனைக் காணோம். 1784இல் அது மான்ட்கோமரி ஆகிவிட்டது. கியூபெக் தாக்குதலில் 1775இல் இறந்த தளபதியின் பெயர். அதே வருஷம் ஷார்லட் கவுன்டியும் வாஷிங்டன் ஆனது. ஆனால் கண்ணைத் தெற்கே இறக்கினால் கிங்ஸ், குயின்ஸ், டச்சஸ், ஆரஞ்ச் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1683இல் அரச குடும்பத்தை வைத்துச் சூட்டிய பெயர்கள். நூறு வருஷம் புழங்கி ஊர்ப்பெயர்களாகவே ஆகிவிட்டன என்பதுதான் எனக்குப் படுகிறது. கண்ணெதிரே படை நடத்திய ஆளுநரின் பெயரையோ மக்களால் பொறுக்க முடியவில்லை.

பழைய டிரையன் கிடந்த இடத்தில் இப்போது கோடு மேல் கோடு: ஒன்டாரியோ, ஒட்சீகோ, டியோகா. இரோகுவா மக்களிடமிருந்து நிலம் கைமாறக் கைமாறப் புதுக் கவுன்டிகள் முளைத்திருக்கின்றன, பெயர்கள் மட்டும் பூர்வகுடிகளின் மொழிகளிலிருந்து. நடுவில் ஹெர்கிமர். 1777இல் ஒரிஸ்கனி சண்டையில் ஆங்கிலேயர் தரப்பை எதிர்த்துக் காயம்பட்டு இறந்த தளபதி அவர். அன்று அவர் நடத்திச் சென்ற படையின் பெயர், டிரையன் கவுன்டி ஊர்க்காவல் படை.