தூவித்தாட் புரவி

பரி என்னுஞ் சொல்லுக்கு விரைவு என்பதும் ஒரு பொருள். நம் பண்டை இலக்கியங்கள் குதிரையைப் பெரும்பாலும் அதன் கடுமை பற்றியே புகழும். தேரிற் பூண்பதும் போரிற் பாய்வதுமே ஆண்டு அதன் தொழில். அவற்றைப் பயின்ற எமக்கு, விரைவாலன்றிப் பொறையாற் பெயர்பெற்ற குதிரையினம் ஒன்று உண்டென அறிந்தபோது வியப்பு மிகுந்தது. இங்கிலாந்தின் ஷயர்க் குதிரையே அது.

ஷயர் என்பது அந்நாட்டு மாவட்டங்களைக் குறிக்கும் பெயர். நடுநாட்டு மாவட்டங்களில் வளர்ந்தமையின் இக்குதிரை அப்பெயர் எய்திற்று. ஆண்குதிரை தோளளவில் ஐந்தடி எட்டங்குலத்திற் குறையாது. எடை ஏறத்தாழ ஒரு டன். முழங்காலின்கீழ்த் தொடங்கிக் குளம்பை மூடித் தொங்கும் பட்டன்ன நீண்ட மயிரே இதன் தனியழகு. ஆங்கிலேயர் அதனை இறகென்றே வழங்குவர். அவ்வழகைப் பேணுவார் கைக்கு ஓய்வில்லை. சேற்றில் உழைத்து மீண்ட கால்களைக் கழுவி உலர்த்தாவிடின், மயிரடியிற் சிற்றுண்ணிகள் பற்றிப் புண்ணாம்.

18-ஆம் நூற்றாண்டில் லெஸ்டர்ஷயரில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் என்னும் உழவர் இவ்வினத்தின் முன்னோரைத் திருத்தி வளர்த்தார். 1846-ஆம் ஆண்டிற் பிறந்த சாம்சன் என்னும் குதிரை ஏழடி இரண்டரை அங்குலம் உயர்ந்து நின்றதாம். 1878-இல் இவ்வினத்தைப் பேணுதற்கு ஒரு சங்கமும் எழுந்தது. ஏர் உழுதலும், கால்வாய்ப் படகிழுத்தலும், துறைமுகச் சரக்கும் மதுப்பீப்பாயும் சுமந்த வண்டிகளை ஈர்த்தலும் இக்குதிரைகளின் தொழில்களாயின.

பின்னர் உழுபொறியும் மோட்டார் வண்டியும் வந்தன. குதிரையின் தொழில் ஒழிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இவ்வினம் சில ஆயிரமாகச் சுருங்கிற்று. ஆர்வலர் சிலர் கைவிடாமையின் அற்றுப்போகாது எஞ்சியதாயினும், அருகிவரும் இனங்களுள் ஒன்றாகவே இன்றும் எண்ணப்படுகின்றது.

பயனொழிந்த விலங்கைப் பேணுதல் வீண்செலவு என்பார் உளர். யாம் அதற்கு உடன்படேம். இப்பேருடலை அக்குதிரை விரும்பிப் பெற்றதன்று. தன் சுமையை இழுத்தற்பொருட்டு மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்த்தது. வேலை முடிந்ததென்று கூறி, வேலைக்கென ஆக்கிய உயிரைக் கைவிடுதல் எந்நீதி? தமிழ் பயிலும் எம்மையும், வழக்கொழிந்த சொற்களால் யாது பயன் என வினவுவார் பலர். சொல்லாவது ஏட்டில் உறங்கிப் பின்னொருநாள் எழும். உயிரினமோ ஒருமுறை அற்றால் மீளாது.