ஓடும் பிள்ளைகளின் இதயம்



உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மாணவர்களுக்கு நாம் பாடம் நடத்துகிறோம். ஆயினும் நோஞ்சான் பிள்ளையைக் குறித்துக் கவலைப்படும் சமூகம், ஓடியாடும் பிள்ளையைக் குறித்து அஞ்சுவதில்லை. வலிமையான உடலுக்குள் இருக்கும் இதயமும் வலிமையாகவே இருக்கும் என்று எண்ணிவிடுகிறது.

நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்கு ஆடிய அப்துல்ஹக் நூரி, மொராக்கோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த முஸ்லிம் இளைஞர். 2017 ஜூலை 8 அன்று, ஆஸ்திரியாவில் நடந்த நட்பு ஆட்டத்தின்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி மைதானத்திலேயே சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 20. உயிர் பிழைத்தார்; ஆனால் மூளை மீளாப் பாதிப்புக்குள்ளானது. மின்னதிர்ச்சிக் கருவியை முன்னதாகவே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2018-இல் அவருடைய அணியே ஒப்புக்கொண்டது. பெற்றோரும் உடன்பிறந்தோரும் அவரை வீட்டிலேயே வைத்துப் பராமரித்து வருகின்றனர். அந்தப் பொறுமையை எண்ணும்போதெல்லாம் நம் உள்ளம் கனக்கிறது.

அதே அயாக்ஸ் அணிக்கு ஆடிய இன்னொருவர் டேலி பிளின்ட். 2019 டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் அவருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது. பரிசோதனையில் இதயத் தசை அழற்சி என்று தெரியவந்தது. மார்பினுள் மின்னதிர்ச்சிக் கருவி பொருத்தப்பட்டு, சில வாரங்களில் மீண்டும் ஆட வந்தார். ஒரு தலைசுற்றலைப் பொருட்படுத்தியது அவருக்குப் பாதுகாப்பாயிற்று.

இதயம் மின்தூண்டலால் துடிக்கிறது. அத்தூண்டல் தசை நெடுகிலும் சீராகப் பரவ வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இதயத் தசை அழற்சியுற்று, ஆறியபின் அவ்விடத்தில் தழும்பு விழுகிறது. பரம்பரை நோய் ஒன்றில் தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. கடும் பயிற்சி அதனை விரைவுபடுத்துகிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. எனவே தூண்டல் அதனைச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி, வட்டமிடத் தொடங்குகிறது. கீழறைகள் வெறிகொண்டு துடித்து, பின் நடுங்க மட்டுமே செய்கின்றன. இரத்தம் வெளியேறுவதில்லை. உடல் உச்ச உழைப்பில் இருக்கும் வேளையே இதற்கு ஆபத்தான வேளை.

இத்தழும்பு சில நேரங்களில் இ.சி.ஜி.யில் தெரிவதில்லை; சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் புலப்படும். இதயத் தசை அழற்சி கண்டவர்கள் மூன்று முதல் ஆறு மாதங்கள் போட்டிகளில் இறங்கலாகாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

“ஹஜ்ரத், காய்ச்சல் விட்டுவிட்டது, விளையாடப் போகட்டுமா?” என்று அஸ்ருக்குப் பின் பிள்ளைகள் நம்மிடம் கேட்பதுண்டு. நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, படபடப்போ உண்டா என்று கேட்டறிந்த பின்னரே விடை தருகிறோம். இருப்பின் வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புகிறோம். பிள்ளைகள் முகம் வாடுவார்கள், பரவாயில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழும் பிள்ளையை வெயில் என்றும், பசி என்றும், கண்ணேறு என்றும் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஓதிப் பாருங்கள், அத்தோடு நில்லாமல் இதய மருத்துவரிடமும் காட்டுங்கள். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென மரணித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் இதயம் நின்று விழுந்த கிறிஸ்டியன் எரிக்சன், உடனடி நெஞ்சழுத்தத்தாலும் ஒரே மின்னதிர்ச்சியாலும் மீண்டார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் அடித்தார். மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆகவே நெஞ்சழுத்தத்தை நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ளட்டும். போட்டி நடத்துவோர் மின்னதிர்ச்சிக் கருவிக்கு ஏற்பாடு செய்யட்டும். காரணகாரியங்களைக் கைக்கொள்வதும் தவக்குலில் அடங்கியதே. நம் பிள்ளைகளின் ஆரோக்கியத்தை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.