பாலும் பலமான ஆகாரமும்

ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க எல்லாருமே விசுவாசத்துல வளர்ந்தவங்களா? ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிற கேள்வி இது.

எபிரெயர் நிருபம் 5-ம் அதிகாரத்தோட கடைசி வசனங்கள்ல இதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. பால் குழந்தைக்கு, பலமான ஆகாரம் வளர்ந்தவனுக்கு. யாரு வளர்ந்தவன்? நன்மை எது, தீமை எதுன்னு பிரிச்சுப் பார்க்கப் பழகினவன். அங்க பயிற்சியைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லும் நம்ம 'ஜிம்'மும் ஒரே வேர்தான்! ஆக, வருஷக்கணக்கு மட்டும் முதிர்ச்சி தராது. தினம் பளு தூக்கணும்.

எங்க அம்மாவுக்கு மூணு வருஷமா டயாலிசிஸ். வாரம் ரெண்டு தடவை. சுகத்துக்காக வீடே ஜெபிக்குது, இன்னும் கிடைக்கலை. எனக்கோ பொட்டி தட்டுற புத்தி; இன்புட் கொடுத்தா அவுட்புட் வரணும். அம்மா வேற மாதிரி. ஊசி குத்தியிருக்கிற நாலு மணி நேரமும் பக்கத்துப் படுக்கைக்காரங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க. அவங்க பேர் கடைசியிலதான் வரும்.

பவுலும் தன் மாம்சத்துல இருந்த முள் நீங்கணும்னு மூணு தடவை வேண்டினார் (2 கொரிந்தியர் 12). முள் போகலை, தாங்குறதுக்குக் கிருபை கிடைச்சது. அவரும் ஊழியத்தை விடலை.

கேட்டது கிடைச்சா நம்புறது பால். கிடைக்காதப்பவும் அவரை விடாம, அடுத்தவங்களுக்காகக் கேட்கிறது பலமான ஆகாரம். எனக்கு அப்படித்தான் தோணுது.

இந்த வாரம் நானும் அந்த வார்டுல ரெண்டு பேரோட பேரைக் குறிச்சு வச்சிருக்கேன். என்ன, எனக்கு இப்பதான் பல்லு முளைக்குது :-)