உப்பு - தேவையான அளவு

டி.வி. சமையலறையில் யாருக்கும் கண் எரிவதில்லை. கவனித்திருக்கிறீர்களா? வெங்காயம் பொடியாக நறுக்கப்பட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் பளபளவென்று காத்திருக்கிறது. தக்காளி அரைத்தாகிவிட்டது. இஞ்சி பூண்டு விழுது ரெடி. பச்சை மிளகாய்கூடக் காம்பு கிள்ளப்பட்டு அட்டென்ஷனில் நிற்கிறது. சமையல்காரர் வருகிறார், வணக்கம் சொல்கிறார், கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறார். அவ்வளவுதான் சமையல்!

அடியேன் பி.காம். எங்கள் பாஷையில் சொன்னால், டி.வி.யில் ஓப்பனிங் ஸ்டாக்கே ஃபினிஷ்ட் கூட்ஸாக இருக்கிறது. நம் வீட்டிலோ பர்ச்சேஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், தக்காளியை அமுக்கிப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்தால் கொத்தமல்லி வாங்க மறந்தது ஞாபகம் வரும். அதற்குள் டி.வி.யில் அந்த அம்மணி, கொதிக்கிற குழம்பை ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, அது நாக்கில் படுவதற்கு முன்பே ‘‘வாவ்! சூப்பர்!’’ என்று சொல்லியிருப்பார்.

ஆனாலும் நான் டி.வி. பார்த்துச் சமைக்கிறவன். வாரா வாரம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

ஒரு காலத்தில் சமையல் கற்க விரும்பியவர்களுக்கு எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’தான் கதி. கல்யாணமாகி வெளியூர் போகிற பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அது இருக்கும். பிறகு சாட்டிலைட் சேனல்கள் வந்தன. 1993-ல் ஜீ டி.வி.யில் சஞ்சீவ் கபூர் ‘கானா கஜானா’வை ஆரம்பித்தார். இந்தி தெரியாத வீடுகளிலும் அவர் சிரிப்பு புரிந்தது. அதே வருடம் சன் டி.வி.யும் வந்தது. அப்புறம் தமிழிலேயே தாளிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. நம்ம செஃப் தாமு 2010-ல் 24 மணி நேரத்துக்கும் மேல் விடாமல் சமைத்து கின்னஸ் சாதனையே செய்தார். நம் வீடுகளில் அம்மாக்கள் அதை வருஷக்கணக்கில் செய்கிறார்கள். கின்னஸ்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2019-ல் விஜய் டி.வி.யில் ‘குக்கு வித் கோமாளி’ வந்தபோது இன்னொரு மாறுதல் நடந்தது. அதுவரை ரிமோட்டைப் பிடுங்கிக் கிரிக்கெட் வைத்த ஆண்களெல்லாம் உட்கார்ந்து சமையல் பார்க்க ஆரம்பித்தார்கள். கோமாளியைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால், போகிற போக்கில் கடாய்க்கும் வாணலிக்கும் வித்தியாசம் இல்லை என்கிற ஞானம் பலருக்கு அங்கேதான் கிடைத்தது.

சரி, பார்த்தாகிவிட்டது. செய்யப் போனால்?

முதல் பிரச்னை நேரம். ஒரு சேனலில் (பெயர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு) ‘இருபதே நிமிடத்தில் விருந்து’ என்றார்கள். எனக்கு ஆனது இரண்டு மணி பத்து நிமிடம். இதில் என் பங்கு எதுவும் இல்லை, இது பௌதிகம். வெங்காயத்தில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிற வரைக்கும் வெங்காயம் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறம் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆகவே, வீட்டு அடுப்பில் நாலு வெங்காயம் நிஜமாகவே பொன்னிறமாவதற்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். டி.வி.யில் என்ன செய்கிறார்கள்? ‘‘வெங்காயம் வதங்கட்டும், ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்’’ என்கிறார்கள். சோப்பு, சிமென்ட், நகைக்கடை எல்லாம் வந்து போன பின் பார்த்தால் வெங்காயம் தங்கமாக ஜொலிக்கிறது. நம் வீட்டில் அந்த இடைவேளையை நாமே கரண்டியோடு நின்று கழிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பிரச்னை அளவு. ‘ஒரு கப்’ என்கிறார்கள். எந்த கப்? எங்கள் பாட்டி காலத்தில் குழப்பமே கிடையாது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. முடிந்தது. இப்போது எங்கள் வீட்டிலேயே நாலு சைஸில் கப் இருக்கிறது. அதில் ஒன்று நான் காலேஜ் கேரம் போட்டியில் வாங்கியது. ‘ஒரு ஸ்பூன்’ அதைவிட மோசம். டீ ஸ்பூன் 5 மில்லி, டேபிள் ஸ்பூன் 15 மில்லி. மூன்று மடங்கு! மிளகாய்த் தூள் விஷயத்தில் மூன்று மடங்கு என்பது மறுநாள் காலை வரை நீடிக்கிற சமாசாரம்.

இதற்கெல்லாம் சிகரம், ‘உப்பு - தேவையான அளவு’. எந்த ஆடிட்டராவது இதைப் பாஸ் பண்ணுவாரா, சொல்லுங்கள்? ‘சம்பளம் - தேவையான அளவு’ என்று வவுச்சர் எழுதினால் மேனேஜர் சும்மா விடுவாரா?

மூன்றாவது, காஸ்டிங். மலாய் கோஃப்தாவுக்குத் தேவையான கசூரி மேத்தி அரை ஸ்பூன். கடையில் அரை ஸ்பூன் தரமாட்டார்கள், பாக்கெட்தான். ஃப்ரெஷ் க்ரீம் கால் கப்; டப்பாதான். கார்ன்ஃப்ளவர் இரண்டு ஸ்பூன், அதுவும் பாக்கெட்தான். மிச்சமெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காமர்ஸில் இதற்கு ‘ஸ்லோ மூவிங் ஐட்டம்’ என்று பெயர். என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே அச்சிட முடியாது.

கடைசியாக, பாத்திரம். எந்தச் சமையல் நிகழ்ச்சியிலாவது பாத்திரம் துலக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

இவர்களுக்கு நடுவில் எனக்குப் பிடித்த ஒருவர் உண்டு. அமெரிக்காவில் 1963-ல் டி.வி.யில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக் கொடுக்க வந்த ஜூலியா சைல்ட். ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் போட்டுத் திருப்பப் போய், பாதி அடுப்பு மேலேயே சிந்திவிட்டது. அம்மணி அசரவில்லை. சிந்தியதைப் பொறுக்கித் திரும்ப வாணலியில் போட்டு, சமையலறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டு மேலே போனார். அதை வெட்டாமல் ஒளிபரப்பினார்கள். அப்படி ஒரு எபிசோட் தமிழில் வந்தால் நான் நாலு தடவை பார்ப்பேன்.

* * *

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

காலேஜ் முடித்த வருடம், 2007, என்னிடம் ஒரு லெட்ஜர் நோட்டு மிச்சமிருந்தது. முந்நூறு பக்கம், கெட்டி அட்டை. அதை அம்மா எடுத்துக்கொண்டாள். மத்தியானம் டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி வரும்போது மடியில் வைத்துக்கொண்டு எழுதுவாள். டெபிட் பக்கம் தேவையான பொருட்கள். கிரெடிட் பக்கம் செய்முறை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாகவே டேலி ஆகிவிட்டது! பனீர் பசந்தா, வெஜிடபிள் ஓ கிராட்டின், காஷ்மீரி புலாவ்... ஓடுகிற வேகத்தில் எழுதியதால் பாதிப் பெயர்கள் அம்மாவின் ஸ்பெல்லிங்கில் இருக்கும். ‘ஓக்ராட்டி’ என்று ஒன்று இருந்தது. வெகு நாள் அதை வெண்டைக்காய் ஐட்டம் என்றே நினைத்திருந்தேன்.

அதில் ஒன்றைக்கூட அம்மா செய்ததில்லை. அப்பா சாம்பார், ரசம், ஒரு கறி, மோர் என்கிற கட்சி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள சட்னி மாறினாலே ‘‘என்ன இது புதுசா?’’ என்பார். கோபமாக இல்லை, பயமாக. 2018-ல் அப்பா போனார். அதன் பிறகு, ‘‘எனக்கு ஒருத்திக்கு என்ன பெரிசா’’ என்று அம்மாவின் சமையல் ரசத்தோடு நின்றுபோனது. நோட்டில் எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

2023-ல் பாத்ரூமில் வழுக்கி, அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மத்தியானம் டி.வி.யில் ஒருத்தர் ‘தேவையான பொருட்கள்’ என்று ஆரம்பித்ததும் தவித்துப் போய்விட்டாள்.

‘‘டேய், அந்த லெட்ஜரை எடுத்துண்டு வந்து கொஞ்சம் எழுதேன். ஓடிடப் போறது!’’

எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். இருநூற்றுச் சொச்சம் ஐட்டங்கள். ஒரு வார்த்தைகூட அடித்தல் திருத்தல் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோ, மஞ்சள் கறையோ எங்கும் இல்லை. சமையல் நோட்டு அத்தனை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

‘‘அம்மா, இதுல எது சாப்பிடணும்னு உனக்கு ஆசை?’’

‘‘போடா. குழந்தைக்கு எது பிடிக்கும்னு பாரு.’’

‘‘அவனைக் கேக்கல. உன்னைத்தான் கேக்கறேன்.’’

‘‘எனக்கென்னடா ஆசை இந்த வயசுல...’’ என்றவள், இடது கையால் மெதுவாகப் பக்கங்களைத் தள்ளினாள். தேடவில்லை. நேராக ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். மலாய் கோஃப்தா. பக்கத்து வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் ஒரே ஒரு தடவை சாப்பிட்டாளாம். ‘‘வாயில போட்டதும் கரைஞ்சுதுடா’’ என்றாள். அந்தக் கல்யாணப் பெண்ணின் மகன் இப்போது ப்ளஸ் டூ!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். செய்முறையில் ‘உருளைக்கிழங்கை வேகவைத்து மசிக்கவும்’ என்று ஒரே வரிதான்.

‘‘சூடா மசிக்காதே. நன்னா ஆறட்டும். ஈரம் போகணும். இல்லேன்னா எண்ணெயில பிரிஞ்சுடும்.’’

‘‘டி.வி.ல அப்படி ஒண்ணும் சொல்லலையே?’’

‘‘அவாளுக்கு நேரமில்லை. சோப்பு விளம்பரம் போடணும்.’’

‘கார்ன்ஃப்ளவர் - சிறிது’ என்றிருந்தது. எவ்வளவு சிறிது? உருண்டையைக் கையில் வாங்கி, இடது உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்து, ‘‘இன்னும் ஒரு ஸ்பூன்’’ என்றாள். பத்து உருண்டையையும் ஒரேயடியாக எண்ணெயில் இறக்கப் போனபோது, ‘‘இரு, இரு. முதல்ல ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு. அது நின்னா மத்தது நிக்கும்.’’ போட்டேன். நின்றது.

எனக்கு ஆச்சரியம் அதுதான். வாழ்நாளில் கோஃப்தாவே செய்யாதவள், டி.வி.காரர் விட்ட இடமெல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். அடை தட்டியும் போண்டா போட்டும் வந்த ஞானம் அது. ‘தேவையான அளவு’ என்பது அவளுக்குப் புரியாத அளவே இல்லை.

கிரேவியைச் சாப்பிடும்போதுதான் உருண்டை மேல் ஊற்ற வேண்டும்; முன்னாடியே ஊற்றினால் ஊறி உடைந்துவிடும். தட்டில் இரண்டு வைத்து ஊற்றினோம். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, கொஞ்சம் சிந்தி, முதல் வாய் சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

‘வாவ்’ சொல்லவில்லை. ‘சூப்பர்’ சொல்லவில்லை.

‘‘தித்திப்பு கொஞ்சம் ஜாஸ்தி’’ என்றாள். இரண்டையும் முடித்தாள். அப்புறம், ‘‘இன்னும் ஒண்ணு இருக்கா?’’

‘‘அத்தை, உங்க பிள்ளைக்கு மிச்சம் வைங்க’’ என்றாள் என் மனைவி.

‘‘அவன் நாளைக்குப் பண்ணிப்பான்’’ என்றாள் அம்மா.

சாப்பிட்டு முடித்து லெட்ஜரைக் கேட்டாள். லெட்ஜர் பக்கத்தில் ஜே.எஃப். என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், ஜர்னல் பக்க எண் எழுதுவதற்காக. இத்தனை வருஷமாக அது காலியாகவே இருந்தது. அதில் இடது கையால், கோணல்மாணலாக ஒரு டிக் அடித்தாள்.

கட்டுப் பிரித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை 41 டிக். ‘ஓக்ராட்டி’க்கும் விழுந்தாயிற்று.

* * *

டி.வி. பார்த்துச் சமைக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள். அவர்கள் சொல்லும் நேரத்தை மூன்றால் பெருக்குங்கள். ஸ்பூன் என்றால் டீ ஸ்பூன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. எண்ணெயில் முதலில் ஒன்றே ஒன்று. பாத்திரத்தை நீங்களே துலக்குங்கள், அடுத்த வாரமும் சமையலறைக்குள் விடுவார்கள்.

முக்கியமாக, எந்த ஐட்டத்தைச் செய்யலாம் என்று யூடியூபில் தேடாதீர்கள். வீட்டில் மத்தியானம் டி.வி. பார்க்கிறவரைக் கேளுங்கள். முதலில் ‘‘எனக்கு என்ன’’ என்பார். அசராமல் இரண்டாம் தடவை கேளுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கசூரி மேத்தி வாங்க வேண்டாம். எங்கள் வீட்டில் நிறைய இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.