மயக்கம் தெளிந்த பிறகு

கிரிவலத்தில் அடி அண்ணாமலை வந்ததும் கால் தானாக நின்றுவிடும். 14 கிலோமீட்டரில் பாதி வழி வந்திருப்போம். ஆதி அண்ணாமலையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவது என் வழக்கம். மலை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மலை. ஊருக்குள் தெரிகிற ஒற்றைக் கூம்பு இங்கே அகன்று, மடிப்பு மடிப்பாக விரிந்து கிடக்கும்.

போன மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் அதே பெஞ்சின் மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைக்கார ஆயா என்னிடம் கேட்டார்.

“இன்னா தம்பி எய்துது அந்தப் பொண்ணு? தினம் வந்து குந்திக்கினு எய்துது.”

“தன் கதையா இருக்கும் ஆயா.”

“எய்தட்டும். நம்ம மலையப் பத்தி எய்துனா சரியா எய்தச் சொல்லு.”

அந்தச் சொல் என்னோடு நடந்து வந்தது. இந்த மலையைப் பற்றி எழுதியவர்களில் பலர் வெளியிலிருந்து வந்தவர்களே. திருவெம்பாவை பிறந்த இடம் என்று அடி அண்ணாமலையைச் சொல்கிறோம். மாணிக்கவாசகர் பாண்டிநாட்டுத் திருவாதவூர்க்காரர். ரமணர் திருச்சுழியில் பிறந்து, 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கியவர். அந்த வரிசையில் சில மணிநேரம் மட்டுமே இங்கிருந்த ஓர் எழுத்தாளரை நான் அடிக்கடி நினைப்பேன். சாமர்செட் மாம்.

ஆங்கிலத்தில் எழுதிய அவர் பிறந்தது பாரிஸில், 1874இல். முதலில் பேசிய மொழி பிரெஞ்சு. எட்டு வயதில் தாய் போனார், பத்து வயதில் தந்தை. இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்குத் திக்குவாய் வந்தது. அது கடைசிவரை போகவில்லை. மருத்துவம் படித்தார், 1897இல் முதல் நாவல் வந்ததும் ஊசியையும் கத்தியையும் விட்டார். 1908இல் லண்டனில் ஒரே சமயத்தில் அவருடைய நான்கு நாடகங்கள் ஓடின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை பார்த்தார். பிறகு தெற்கு பிரான்சின் கடலோரத்தில் ஒரு பெரிய வீட்டை வாங்கிக்கொண்டு, தன் நாட்டுக்கு வெளியிலேயே வாழ்ந்தார். பயணங்களில் புதியவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கதை வாங்கி வந்தவர் அவருடைய செயலாளர். திக்குவாய் மாமைத் தயங்க வைத்தது.

மலாயாவைப் பற்றி அவர் எழுதிய கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. ரப்பர் தோட்டத்துத் துரைகளின் தனிமையும் குடியும் கள்ளக்காதலும் அவற்றில் உயிரோடு இருக்கின்றன. அந்த மரங்களில் பால் வெட்டிய நம் ஜனங்கள் ஓரத்தில் நிழலாகப் போகிறார்கள். பார்க்கத் தெரிந்த கண் அது. அவர்களைப் பார்க்கவில்லை.

1938இல், 64 வயதில், மாம் இந்தியா வந்தார். நண்பர்களோடு சென்னையிலிருந்து காரில் ரமணாசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஆசிரமத்துக்குள் சொந்தக் குடிலில் இருந்தவர் மேஜர் சாட்விக், மயோர்க்கா தீவிலிருந்து 1935இல் வந்து தங்கிவிட்ட ஆங்கிலேயர். அங்கே மாம் மயங்கி விழுந்தார். செய்தி தெரிந்து ரமணரே அந்த அறைக்கு வந்து அவர் எதிரில் அமர்ந்தார். தான் ஏதாவது பேச வேண்டுமா என்று மாம் தயங்க, மௌனமும் பேச்சுதான் என்ற பொருளில் ரமணர் சொன்னார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு சொல்லுக்கும் தொண்டையில் போராடிய ஒரு மனிதர். அவர் எதிரில், பேச வேண்டியதில்லை என்று சொல்லும் ஒருவர். வேறு எவருக்கும் அந்தப் பதில் உபதேசம். மாமுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பிறகு மாம், முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்ததால், ரமணர் அமரும் ஹாலுக்குள் போகாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினார் என்று சாட்விக் எழுதிவைத்திருக்கிறார்.

1944இல் வந்த ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலுக்குத் தலைப்பைக் கடோபநிடதம் தந்தது. போரில் நண்பனைப் பறிகொடுத்த லாரி என்ற அமெரிக்க இளைஞன் இந்தியாவில் ஸ்ரீகணேசர் என்ற குருவை அடைகிறான். குருவின் சாயல் ரமணருடையது, ஆசிரமம் மட்டும் திருவிதாங்கூருக்குப் போய்விட்டது. அருணாசலம் கதையில் இல்லை. இந்த ஊர்க்காரனாக எனக்கு அதில் வருத்தம் இருந்தது. இப்போது இல்லை. நாவலாசிரியன் மலையைப் பெயர்த்து வைக்கலாம், அது அவன் உரிமை.

தன் அனுபவத்தை எழுத உட்கார்ந்தபோது அவர் எதையும் பெயர்க்கவில்லை. அந்த மயக்கத்தை இங்கே சமாதிநிலை என்று பேசினார்கள், பெரிய எழுத்தாளருக்கு மகரிஷியின் சந்நிதியில் பரவசம் உண்டானது என்று செய்தி பரவிவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாவலுக்கே தனி மதிப்பு வந்திருக்கும். ரமணர் 1950இல் மறைந்துவிட்டார், மறுக்க ஆள் இல்லை. 1958இல், 84 வயதில், ‘பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ’ தொகுப்பில் ‘தி செயிண்ட்’ கட்டுரையை எழுதிய மாம், அது தனக்கு வந்த முதல் மயக்கமும் அல்ல, கடைசி மயக்கமும் அல்ல என்று உடல்கூற்றுக் காரணத்தோடு எழுதினார். ரமணரைப் பற்றி மரியாதை குறையாமல் எழுதிக்கொண்டே, தனக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகச் சொல்ல மறுத்தார்.

அவர் நினைவுக்குறிப்புகள் எல்லாமே இப்படி என்று சொல்ல முடியாது. பிரிந்துபோன மனைவியைப் பற்றி, அவர் இறந்த பிறகு, 1962இல் கசப்போடு எழுதியது நண்பர்களையே விலக வைத்தது. அந்த எழுத்தை நான் ஏற்கவில்லை. 1965இல் 91 வயதில் மாம் இறந்தார்.

கிரிவலப் பாதையில் தினமும் யாராவது ஒருவர் தான் கண்ட ஒளியைப் பற்றிச் சொல்கிறார். கேட்டுக்கொள்கிறேன். ஆயா கேட்ட ‘சரியா’ எனக்கு அந்த 84 வயதுக்காரரிடம்தான் கிடைத்தது. நாவலைப் படித்தவர்கள் அந்தக் கட்டுரையையும் தேடிப் படியுங்கள்.